பொட்டு வைத்த பதினான்கு கணினிகள்

அக்டோபர் 9, திங்கள்

இந்த டைரி கழிவில் வந்தது. எங்கள் அச்சகத்தில் அடித்ததுதான். சிவப்பு மை கொஞ்சம் விலகி, எல்லா ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்துவிட்டது. விற்காது என்று ஒதுக்கிய கட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன். பத்தொன்பது வருடத்தில் இந்த அச்சகம் எனக்குப் பிரியமாகக் கொடுத்தது இப்படி ஒதுக்கியதைத்தான்.

ஒன்பது மாதமாக மேஜை இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்று எழுத ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஆனால், இங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிற இந்தத் திரவியத்தின் தலையில், என் தலையில் கட்டிவிடுவார்கள். அப்போது எடுத்துக் காட்ட ஒரு ஆதாரம் வேண்டும்.

நடந்தது இது. செப்டம்பரில் மற்ற கணினிகளுக்கு ஒரு அப்டேட் போட்டேன். போட்டதும், அச்சுக்கான பிளேட் தகடுகளை அடிக்கும் மிஷினோடு இருக்கும் பழைய கணினி அவற்றோடு ஒத்துப்போகாமல் மக்கர் செய்து, அரை நாள் பிளேட் வரவில்லை. காலண்டர் சீசனில் சிவகாசியில் அரை நாள் என்றால் கொலைக்குற்றம். சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி, எங்கள் முதலாளி, நாற்பது பேர் பார்க்க என்னிடம் கத்தினார். "ஓடுற மிசின எதுக்குய்யா நோண்டுற? தீபாவளி கழியட்டும். அதுவரைக்கும் ஒண்ணையும் தொடாத."

தொடவில்லை. பதினான்கு கணினிகளிலும் அப்டேட்டை நிறுத்தி வைத்துவிட்டேன். இன்று காலை மென்பொருள் கம்பெனிக்காரர்களின் எச்சரிக்கை வந்திருக்கிறது. ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் வசதியில் ஒரு ஓட்டை, அதன் வழியாக ஒரு கணினிப் புழு பரவுகிறது, உடனே அப்டேட் போட்டு ஓட்டையை அடைத்துவிடுங்கள் என்று. படித்தேன். மூடினேன். தீபாவளி கழியட்டும்.

என் கணினியில் மட்டும் அப்டேட் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 12, வியாழன்

வாடிக்கையாளர்கள் பென்டிரைவோடு வருகிறார்கள். நகைக்கடை, உரக்கடை, டைல்ஸ் கடை என்று எல்லோருக்கும் காலண்டரின் அடியில் தங்கள் கடைப் படம் வர வேண்டும். அந்தப் பென்டிரைவ்கள் எந்தெந்தக் கணினிக்குள் போய் வந்தன என்று அவர்களுக்கே தெரியாது. ஆர்டர் வாங்குகிற எங்கள் பெண்கள் அப்படியே சொருகுகிறார்கள். "முதல்ல என்கிட்ட குடுங்க, ஸ்கேன் பண்ணித் தர்றேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மாரீஸ்வரி ஒருத்திதான் என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காத்து நிற்பாள்.

மாரீஸ்வரி எங்கள் டிசைன் பிரிவில் இருக்கிறாள். திருத்தங்கல்காரி, இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். இன்று அவளுக்கு நல்ல நாள். தன் வீட்டுக் கணினியில் ஆறு மாதமாக வரைந்துகொண்டிருந்த மாரியம்மன் படத்தை அண்ணாச்சி இந்த வருடப் பெரிய காலண்டருக்கு எடுத்துக்கொண்டார். மழையில் நனைந்து நிற்கிற அம்மன். வேப்பிலையிலிருந்து நீர் சொட்டுகிறது. எனக்குச் சாமி படம் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, இருந்தாலும் இதை இரண்டு நிமிடம் நின்று பார்த்தேன். ஓரத்தில் அவள் பெயரைச் சின்னதாகப் போடலாம் என்றும் அண்ணாச்சி சொல்லிவிட்டார். இந்த அச்சகத்தில் டிசைனர் பெயர் போட்டதே இல்லை. நான் போட்ட நெட்வொர்க்கில்தான் அந்தப் படமும் ஓடுகிறது. என் பெயரை எங்கே போடுவார்கள்?

அக்டோபர் 15, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வெளி வேலை பார்க்கக் கூடாது என்பது அண்ணாச்சி வைத்த சட்டம். எனக்கு முன்னால் இருந்தவனை அதற்காகத்தான் வீட்டுக்கு அனுப்பினார். நான் வேலை பார்க்கவில்லை, தெரிந்தவருக்கு ஒத்தாசை செய்கிறேன்.

அந்தக் கடைக் கணினி நாறிப்போயிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரும் மறைந்து, அதே பெயரில் ஒரு பொய் ஃபோல்டர் நின்றது. அதை அழுத்தினால் உள்ளே இருப்பதும் திறக்கும், கூடவே புழுவும் கிளம்பும். திறந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. என் சிவப்புப் பென்டிரைவை மாட்டி, மருந்து மென்பொருளை ஏற்றி, ஒரு மணி நேரம் போராடினேன். கிளம்பும்போது கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.

பென்டிரைவைச் சுத்தம் செய்ய வேண்டும்.

அக்டோபர் 17, செவ்வாய்

அண்ணாச்சியிடம் கேட்டுப் பார்த்தேன். கேட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை ஆயுத பூஜை. எல்லா சிஸ்டமும் சும்மாத்தான இருக்கும். அன்னைக்கி ஒரு மூணு மணி நேரம் குடுங்க. அப்டேட்ட முடிச்சிர்றேன்."

"பொட்டு வச்ச மிசினையா?"

"பொட்டு அழியாமப் பாத்துக்கிடுறேன்."

"ஏய்யா, எங்கப்பா காலத்துல இருந்து பூஜை போட்ட மிசின மறுநாள் நல்ல நேரம் வரைக்கும் யாரும் தொட்டதில்ல. அதுவும் ஆயுதந்தானய்யா? ஒரு நாளாச்சும் ரெஸ்ட் எடுக்கட்டும். வேணும்னா அதுக்கு முந்துன நாள் ஞாயித்துக்கெழம வந்து பாரு. சாவி தரச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மட்டும் ரெஸ்ட் கிடையாது.

பிளேட் கணினியையாவது நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிட வேண்டும். அதன் வயது பதினாறு. அதற்கு இனி எந்த அப்டேட்டும் வராது. பிளேட் மிஷினின் மென்பொருள் புதியதில் ஓடாது என்பதால் அதை மாற்றவும் முடியாது. பிரித்தால் ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போய் ஃபைலைக் கொடுக்க வேண்டியிருக்கும். பார்க்கலாம்.

அக்டோபர் 21, சனி

அண்ணாச்சிக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. விஜயதசமியன்று எல்லாக் கணினிகளையும் நல்ல நேரத்தில் ஒரே நேரத்தில் திறந்து, முதல் காரியமாக மாரீஸ்வரியின் அம்மனைத் திரையில் வைக்க வேண்டுமாம். படத்தை அவளே கொண்டுபோய் ஒவ்வொன்றிலும் வைக்க வேண்டும். நெட்வொர்க்கில் அனுப்பினால் போதும் என்றேன். "பூஜைத் தட்டுல வச்சு எடுத்தது கையால போகணும்யா" என்றார்.

சாயங்காலம் மாரீஸ்வரி வந்தாள். "அண்ணே, என் பென்டிரைவ் முழுக்க நிறைஞ்சு கெடக்கு. ஒண்ணு இருந்தாத் தர்றீங்களா? தட்டுல வைக்கணும்." கையில் இருந்த சிவப்புப் பென்டிரைவைக் கொடுத்தேன்.

என் கணினியிலேயே, சர்வரிலிருந்து படத்தை அதில் ஏற்றிக்கொண்டே, "ஸ்கேன் பண்ணிட்டீங்கல்லண்ணே?" என்று கேட்டாள்.

சிஸ்டம் பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? "என்கிட்ட இருந்து வர்றதுக்கு ஸ்கேன் எதுக்கும்மா" என்றேன்.

அக்டோபர் 22, ஞாயிறு

அச்சகத்துக்குப் போகவில்லை. ஜெராக்ஸ் கடையில் திரும்பவும் கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்டோபர் 23, திங்கள்

பூஜை நன்றாக நடந்தது. நான்கு அச்சு மிஷின்களுக்கும் வாழைக்கன்று. கணினிகளுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். விசைப்பலகையில் சந்தனம் வைக்காதீர்கள் என்று வருடா வருடம் சொல்கிறேன், வருடா வருடம் வைக்கிறார்கள். 'ப' எழுத்து இப்போதே ஒட்டிக்கொண்டிருக்கும். சூடம் காட்டும்போது தட்டில் வெற்றிலை பாக்கு, முதல் பிளேட், கத்தரி, ஸ்கேல். நடுவில் அந்தப் பென்டிரைவ். அதற்கும் ஒரு குங்குமம்.

பொரி, கடலை, சுண்டல் வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம். மாரீஸ்வரி புதுச் சேலை கட்டியிருந்தாள். அவள் அம்மாவும் வந்திருந்தார். "எம்பிள்ள பேரு காலண்டர்ல வருதாம்ல" என்று என்னிடமும் சொன்னார்.

அக்டோபர் 24, செவ்வாய். விஜயதசமி

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

நல்ல நேரம் 7.45. பதினான்கு பேர் பதினான்கு கணினிகள் முன்னால் நின்றார்கள். அண்ணாச்சி மணி அடித்ததும் ஒன்றாகத் திறந்தார்கள். மாரீஸ்வரி முதல் கணினியில் பென்டிரைவைச் சொருகி, 'அம்மன்' என்ற ஃபோல்டரைத் திறந்து, படத்தை வைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவதிலும் வைத்தாள். மூன்றாவதில் வைத்துவிட்டு நான்காவதற்குப் போகும்போது ஒன்பதாவதில் உட்கார்ந்திருந்த பெண், "அண்ணே, இது ரொம்ப மெதுவா இருக்கே" என்றாள். ஒன்பதாவதை மாரீஸ்வரி இன்னும் தொடவே இல்லை.

ஒன்பதாவதிடம் ஓடினேன். இது வைரஸ் இல்லை, புழு. வைரஸ் என்றால் யாராவது ஒருவன் அதைச் சுமந்துகொண்டு போய் ஒவ்வொரு இடத்திலும் திறந்துவிட வேண்டும். புழுவுக்கு ஒரு தடவை உள்ளே வர இடம் கொடுத்தால் போதும். பிறகு அதுவே பக்கத்துக் கணினியின் கதவைத் தட்டும், ஓட்டை இருந்தால் நுழையும், அங்கிருந்து அடுத்ததைத் தட்டும். யாரும் எதையும் அழுத்த வேண்டாம். கணினி திறந்திருந்து, ஒரே வலையில் இருந்தால் போதும். மற்ற நாட்களில் எங்கள் ஆட்கள் ஒருவர் எட்டு மணிக்கு வருவார், ஒருவர் பத்துக்கு வருவார். இன்று பதினான்கும் ஒரே நிமிடத்தில் கண் விழித்து நின்றன. பதினான்குக்கும் ஒரே பாஸ்வேர்டு. ஞாபகம் வைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நான் வைத்தது. சாமி படத்துக்குக் கீழே சாக்பீஸில் எழுதியும் இருக்கிறது.

"வயரப் புடுங்குங்க! எல்லாரும் நெட்வொர்க் வயரப் புடுங்குங்க!" என்று கத்தினேன். நல்ல நாளில் வயரைப் பிடுங்குவதா என்று முழித்தார்கள். அண்ணாச்சி முகத்தைப் பார்த்தார்கள். அந்த இரண்டு நிமிடம் போதும் அதற்கு.

8.20-க்குப் பிளேட் கணினி நின்றது.

அக்டோபர் 25, புதன்

இந்தப் புழு பரவுவதோடு நிற்கிற ஜாதி இல்லை. போகிற இடத்திலெல்லாம் படக் கோப்புகளை மேலெழுதிக் கெடுத்திருக்கிறது. இந்த வருட டிசைன் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பேக்கப் டிஸ்க் இருக்கிறது. எப்போதும் சர்வரிலேயே மாட்டியிருந்தது. அதையும் தின்றுவிட்டது. பேக்கப் எடுத்ததும் கழற்றித் தனியே வைக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியாது? தினமும் மாட்டிக் கழற்ற இன்னொரு ஆள் கேட்டேன், கொடுக்கவில்லை.

கேட்டேனா? கேட்டதாகத்தான் ஞாபகம்.

போன வருடத்துப் படங்கள் சிடியில் இருப்பதால் பிழைத்தோம். என் கணினி ஒன்றுதான் தப்பித்தது. அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பாருங்க, திரவியம் மிசினுக்கு ஒண்ணும் ஆகல. ஒழுங்கா வச்சிருக்கான். நீங்களும் இருக்கீங்களே."

குனிந்து என் கணினியின் வயரைச் சரிசெய்தேன்.

அக்டோபர் 26, வியாழன்

மதுரையிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். நஸ்ரீன் என்று ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒவ்வொரு கணினியின் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தார். அண்ணாச்சி கூடவே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கயிருந்து வந்துச்சும்மா?"

"முதல்ல விழுந்தது இந்த சிஸ்டம் சார். 7.49-க்கு. ஒரு பென்டிரைவ்ல இருந்து."

அண்ணாச்சி மாரீஸ்வரியைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பென்டிரைவை அவள் கையில் பார்க்காதவர்கள் அந்த ஹாலில் யாரும் இல்லை. குங்குமத்தோடு சொருகினாளே.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் கொடுத்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்வாள் என்று நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அவள் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "என் படத்துல இருந்தா வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. திரவியம் அண்ணன் கொடுத்த பென்டிரைவ் சுத்தமாகத்தான் இருக்கும், அதற்குள் தான் வைத்த படம்தான் கெட்டது என்று நினைத்துவிட்டாள்.

நஸ்ரீன் அதற்குள் போனில் பேசப் போய்விட்டார்.

அக்டோபர் 27, வெள்ளி

மதியம் சாப்பிடும்போது நஸ்ரீன் என் மேஜைக்கு வந்தார்.

"சார், ஒரு கணினில எந்தப் பென்டிரைவ் மாட்டினாலும் அதோட சீரியல் நம்பர் பதிவாகும். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"இந்த நம்பர் ஜூன்ல இருந்து உங்க சிஸ்டத்துல நாப்பத்தோரு தடவை மாட்டியிருக்கு. உங்க சிஸ்டம் அப்டேட் ஆகியிருந்ததால அதைப் புழு பிடிக்கல. மத்த பதினாலும் ஆகல. அப்டேட்டை நிறுத்தி வச்ச தேதியும் இருக்கு."

தயிர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தீபாவளி வரை தொடாதே என்று அண்ணாச்சி சொன்ன கதையைச் சொன்னேன். ஆயுத பூஜைக் கதையையும் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை கேட்டிருக்கலாமே சார்?"

"குடுக்கல" என்றேன்.

அவர் தன் நோட்டை மூடினார். "என் ரிப்போர்ட்ல நம்பர் மட்டும்தான் இருக்கும். அது யாரோடதுன்னு எழுதுறது என் வேலை இல்ல. நீங்களே சொல்லிருங்க சார். அந்தப் பொண்ணு பாத்ரூம்ல போய் அழுதுட்டு வர்றாங்க."

என்னைவிட இருபது வயது சின்னவர். எனக்குப் புத்தி சொல்கிறார்.

அக்டோபர் 28, சனி

ரிப்போர்ட் ஆங்கிலத்தில் ஏழு பக்கம். அண்ணாச்சி என்னிடமே கொடுத்து, "தமிழ்ல சுருக்கமாச் சொல்லுய்யா" என்றார். சொன்னேன். அப்டேட் தவறாமல் போட வேண்டும். பழைய பிளேட் கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. பேக்கப்பைக் கழற்றி வேறு இடத்தில் வைக்க வேண்டும். வெளிப் பென்டிரைவ் எதுவானாலும் தனியாக ஒரு கணினியில் சோதித்த பிறகே உள்ளே விட வேண்டும். எல்லாம் சரியாகச் சொன்னேன். ஐந்தாம் பக்கத்தில் நம்பர் இருந்த பத்தியைத் தாண்டிவிட்டேன். நம்பரைக் கேட்டு அவருக்கு என்ன புரியப்போகிறது?

"அப்ப அந்தப் பென்டிரைவுதான்" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி. பென்டிரைவுதான்."

நான் பொய் சொல்லவில்லை.

மாரீஸ்வரியை வேலையை விட்டு நிறுத்தவில்லை, அதுவரைக்கும் நல்லது. கீழே காலண்டர் தலையில் தகரம் அடிக்கிற பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். படம் ரத்து. "ராசியில்லாத படம். வச்ச அன்னைக்கே எல்லாத்தையும் முடக்கிருச்சு" என்று அண்ணாச்சி மாதிரிக்கு அடித்த ப்ரூஃப் தாளைக் கழிவுக் கட்டில் போட்டுவிட்டார். போன வருடத்து லட்சுமியைக் கொஞ்சம் நிறம் மாற்றி அடிக்கப் போகிறார்கள்.

சீசன் முடியட்டும். தீபாவளி கழிந்ததும் அண்ணாச்சியிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இப்போது சொன்னால் ஜெராக்ஸ் கடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அக்டோபர் 30, திங்கள்

பதினான்கையும் துடைத்து, புதிதாக ஏற்றி முடித்தேன். கண்கள் எரிகின்றன. ஒருவரும் ஒரு டீ சொல்லவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

அண்ணாச்சி சொல்லி இன்று வகுப்பு எடுத்தேன். அச்சகம் முழுவதும் வந்து உட்கார்ந்தது. தகரப் பிரிவிலிருந்தும் வந்தார்கள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு மைக் கொடுத்தார்கள்.

நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன். புழுவுக்கு மூன்று வழி என்றேன். அடைக்காத ஓட்டை, ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டு, கண்ட கணினியிலும் மாட்டி வந்த பென்டிரைவ். அப்டேட் வந்தால் அன்றே போட வேண்டும், சீசன் கழியட்டும் என்று தள்ளக் கூடாது என்றேன். அண்ணாச்சி முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்.

கடைசி வரிசையில் மாரீஸ்வரி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். விரலில் துணி சுற்றியிருந்தது. தகரம் கிழித்திருக்கும். முடிக்கும்போது எழுந்தாள்.

"அண்ணே, படத்துக்குள்ள புழு இருக்குமா?"

அண்ணாச்சி திரும்பி அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

இருக்காது. அவள் வரைந்தது படம். படம் ஓடாது, பரவாது. பொய் ஃபோல்டர்தான் ஓடியது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால், அடுத்த கேள்வி அண்ணாச்சியிடமிருந்து வரும். படத்தில் இல்லையென்றால் எதில் இருந்தது? பென்டிரைவ் யாருடையது?

"இருக்கலாம்" என்றேன்.

"அப்ப என்ன பண்ணணும்ணே?"

"சந்தேகம்னு வந்துட்டா வச்சுப் பாக்கக் கூடாதும்மா."

உட்கார்ந்து அதையும் எழுதிக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணாச்சி எனக்குத் துண்டு போர்த்தினார். அந்தத் துண்டு இப்போது நாற்காலி முதுகில் கிடக்கிறது. எடுத்து மடிக்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 6, திங்கள்

நம்பவே முடியவில்லை. பெரிய ஏஜென்டுகள் மூன்று பேர் போன மாதம் ப்ரூஃப் பார்த்திருந்தார்களாம். மழையில் நனைகிற அந்த அம்மன்தான் வேண்டும், பழைய லட்சுமி வேண்டாம் என்று அண்ணாச்சியைப் போனில் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ள வீட்லயும் ஒரு சிஸ்டம் வச்சிருக்குல்ல? அதுலதான வரைஞ்சுச்சு? காப்பி இருக்குமாய்யா?"

"இருக்கும் அண்ணாச்சி."

"நீ பாரு. புழு இல்லன்னு நீ சொல்லிட்டாப் போட்ருவோம். அது பேரையும் போட்ருவோம், பாவம். மேலயே உக்காரட்டும்."

அறையை விட்டு வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு. யாரிடமும் எதுவும் சொல்லாமலே எல்லாம் சரியாகிவிடும். அவளுக்குப் படம் வரும், பெயர் வரும், நாற்காலி வரும். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. படம் சுத்தம் என்று சொல்ல வேண்டும். அது உண்மையும்கூட.

இன்று அவள் லீவு. நாளைக்கும் வர மாட்டாளாம், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். புதன்கிழமை முதல் வேலை இதுதான்.

நவம்பர் 8, புதன்

காலையிலேயே தகரப் பிரிவுக்குப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, உங்களத்தான் தேடி வரணும்னு இருந்தேன். வகுப்புல சொன்னீங்கல்ல, அப்படியே செஞ்சிட்டேன். அன்னைக்கி வீட்டுக்குப் போனதும் அம்மன் படத்த அழிச்சிட்டேன். லேயர் லேயரா வச்சிருந்தது, பென்சில்ல வரைஞ்சு ஸ்கேன் பண்ணது, எல்லாத்தையும். குப்பைத் தொட்டியிலயும் விட்டு வைக்கல. அப்புறம் பயமா இருந்துச்சு, பக்கத்து வீட்டுப் பையன வச்சு சிஸ்டத்த மொத்தமா ஃபார்மட் பண்ணிட்டேன். எங்கம்மா ஒரே அழுக. நாந்தான், இன்னொரு எடத்துக்குப் பரவிரக் கூடாதும்மான்னு சொன்னேன்."

தகரத்தை மடிக்கிற சத்தம் காதை அடைத்துக்கொண்டிருந்தது. "ஒண்ணுகூட இல்லையா? போன்ல? மெயில்ல?" என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்லண்ணே" என்றாள், நான் பாராட்டப்போகிறேன் என்பதுபோல. "இப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்லைல்ல? நீங்க ஒரு வார்த்த அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்கண்ணே. திரும்ப டிசைனுக்கு எடுத்துக்கிடச் சொல்லி. நீங்க சொன்னாக் கேப்பாரு."

சொல்கிறேன் என்றேன். படி ஏறும்போது சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஜெராக்ஸ் கடை, சிவப்புப் பென்டிரைவ், ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு, எல்லாவற்றையும். வரிசையாக மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

அண்ணாச்சி போனில் ஏஜென்டோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "காப்பி கெடைச்சுச்சாய்யா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. அந்தப் பிள்ள எல்லாத்தையும் அழிச்சிட்டா."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆறு மாச வேலைய அழிச்சிருச்சா? கொஞ்சமாச்சும் புத்தி இருக்கா அந்தப் பிள்ளைக்கி?"

"இல்ல அண்ணாச்சி" என்றேன்.